குடியை நிற்பாட்ட மையத்தில் கொண்டுபோய் விடத்தான் வேண்டுமா?

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். கணவருக்கு 44 வயது, வயல் வேலை. பல வருடமாக ஒவ்வொரு நாளும் இரவில் அரைப்போத்தல் சாராயம். ஒரு வருடமாகக் கை நடுங்குகிறது என்று விடியவும் கொஞ்சம் எடுக்கிறார். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார். போன கந்தசஷ்டிக்கு விரதம் என்று குடியை விட்டவர், இரண்டாம் நாள் இரவு வியர்த்து நடுங்கி, வாசலில் ஆரோ நிற்கிறார்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். விடிந்து திரும்பக் குடித்த பிறகுதான் அடங்கினார். இப்போது அவரே விட விரும்புகிறார். லண்டனில் இருக்கும் மைத்துனர், மூன்று மாதம் ஒரு மையத்தில் விடுங்கள், காசு அனுப்புகிறேன் என்கிறார். மாமியோ, வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் நாலு நாளில் சரி என்கிறார். எதைக் கேட்பது?

தங்கச்சி, இந்த இரண்டும் உங்கள் கணவருக்குப் பொருந்தாது. வீட்டில் பூட்டி வைத்து நிற்பாட்டுவது ஆபத்து. முதல் ஒரு கிழமை அவர் ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கவேண்டும். மூன்று மாத மையம் இப்போதைக்குத் தேவையில்லை. வாட்டிலிருந்து வந்தபின் மனநலக் கிளினிக்கில் ஒழுங்காகக் காட்டிப் பார்த்து, அது சரிவராவிட்டால் மட்டும் அதைப்பற்றி யோசிக்கலாம். இதே நிலையில் வன்னியில் எத்தனையோ வீடுகள் இருப்பதால், காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு கேள்விகள். குடியை விடும் அந்த முதல் ஐந்து, ஆறு நாட்களை உடம்பு வீட்டில் வைத்துத் தாங்குமா என்பது ஒன்று. விட்ட பிறகு, அதே வீட்டில், அதே சந்தியில், அதே கூட்டாளிகளுக்கு நடுவே குடிக்காமல் இருக்க முடியுமா என்பது மற்றது. முதலாவதற்கு விடை ‘தாங்காது’ என்றால் தேவை ஆஸ்பத்திரி. அது சில நாள் விஷயம், இங்கே இலவசம். இரண்டாவதற்கு விடை ‘முடியாது’ என்றால்தான் மாதக்கணக்கில் தங்கும் மையம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரி தேவையானவரை வைத்தியரே இல்லாத மையத்தில் விடுகிறார்கள். கிளினிக்கே போதுமானவருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

உடம்பின் விஷயத்தைப் பார்ப்போம். மதுசாரம் மூளையை அமர்த்தும் பொருள். வருடக்கணக்கில் நாள் தவறாமல் அமர்த்தப்படும் மூளை, அதை மீறி வேலை செய்வதற்காகத் தன்னை எப்போதும் உசார் நிலையிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. திடீரென்று குடி நின்றால் அமர்த்தல் போய்விடும், உசார் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து ஆறு முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, சத்தி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இல்லாத ஆளைக் காண்பது, இல்லாத சத்தம் கேட்பது முதலாம், இரண்டாம் நாளில். எல்லாவற்றிலும் மோசமானது 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் வரும் சன்னி நிலை. ஆளுக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது, காய்ச்சல் ஏறும், நாடி வேகமாக ஓடும், கண்ணுக்குத் தெரியாத எதையோ காற்றில் பிடுங்குவார். சிகிச்சை இல்லாமல் விட்டால் இதில் உயிர் போகலாம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது மூன்றாம், நாலாம் நாள். முதல் இரவைத் தாண்டியதும் வீட்டார் ‘கண்டம் கழிந்தது’ என்று வயலுக்கும் வேலைக்கும் போய்விடுகிறார்கள். பிறகு இரவில் ஆள் உளறத் தொடங்கினால் பேய், முனி என்று நூல் கட்ட ஓடுகிறார்கள். எங்கள் பகுதியில் இன்னொரு மயக்கமும் உண்டு: ஷெல் சத்தம் கேட்குது, செத்தவர்கள் வந்து நிற்கிறார்கள் என்று அவர் சொன்னால், சண்டைக்கால நினைவு என்று விட்டுவிடுவார்கள். நினைவாகவும் இருக்கலாம். ஆனால் குடியை விட்டு நாலு நாளுக்குள் இப்படி வந்தால் முதலில் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் வயலில் நின்றவருக்குக் காய்ச்சலும் சேர்ந்தால், எலிக்காய்ச்சலா குடிவிட்ட சன்னியா என்று வீட்டில் இருந்து பிரித்தறிய ஒருவராலும் முடியாது.

ஆருக்கு வீடு போதும், ஆருக்கு வாட் வேண்டும் என்பதை எப்படி அறிவது? ஆகப் பெரிய சாட்சி, முன்பு நிற்பாட்டியபோது என்ன நடந்தது என்பதுதான். கந்தசஷ்டியின் ஆறு நாள், ஐயப்பன் மாலை போட்ட காலம், மன்னார்ப் பக்கத்தில் தவக்காலம்: இவற்றில் ஒன்றை அண்மையில் நடுக்கம் எதுவும் இல்லாமல் கடந்தவர், இப்போதும் அதே அளவுதான் குடிக்கிறார் என்றால், வீட்டிலேயே விட்டுப் பார்க்கலாம். போயா நாளையும் பாருங்கள். கடை பூட்டுகிற அந்த ஒரு நாளுக்கு முதல்நாளே வாங்கி ஒளித்து வைக்கிறாரா, இல்லையென்றால் கசிப்புத் தேடிப் போகிறாரா, அல்லது பேசாமல் இருந்துவிடுகிறாரா? விடியற்காலையில் நடுக்கத்தை அடக்க ஒரு வாய் வேண்டியிருக்கிறது என்றால், உடம்பு அடிமைப்பட்டுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. ஒருமுறை வலிப்போ சன்னியோ வந்தவருக்கு அடுத்தமுறையும் வரும் வாய்ப்பு அதிகம். விடுவதும் தொடங்குவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் விடுகிற வருத்தம் கூடிக்கொண்டே போகலாம். ‘போனமுறை நடுக்கத்தோடு போச்சு, இந்தமுறையும் அப்படித்தான்’ என்று நம்பியிருக்கக் கூடாது.

அடுத்தது அளவு. சாராயம் ஏறக்குறைய 33 வீதம் என்று வைத்தால், 750 மி.லீ. முழுப்போத்தலில் சுத்த மதுசாரம் சுமார் 200 கிராம், அரையில் 100, 180 மி.லீ. காலில் 47. 8.8 வீதம் உள்ள ஸ்ட்ரோங் பியர் 500 மி.லீ. டின் ஒன்றில் 35 கிராம். கள்ளு புளிப்பைப் பொறுத்து மாறும். 5 வீதம் என்றால் ஒரு போத்தலில் 30. கசிப்புக்குக் கணக்கே போட முடியாது, காய்ச்சுகிறவருக்கே வீதம் தெரியாது. ஆகவே கசிப்புக் குடிக்கிறவரை அதிகம் குடிப்பவராகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2011இல் இப்படி வகுத்தது: நாளுக்கு 120 கிராமுக்கு மேல் குடிப்பவர் மருந்தும் மேற்பார்வையும் இல்லாமல் விடக்கூடாது. 240 கிராமுக்கு மேல் என்றால் தங்கி விடுவதே நல்லது. இரண்டுக்கும் நடுவே இருந்து, வேறு உடல் வருத்தமோ மனவருத்தமோ இருந்தாலும் தங்கவேண்டும். வலிப்போ சன்னியோ வந்திருந்தால் அளவைப் பார்க்கவே தேவையில்லை. இந்த எல்லைகளை இங்கே இன்னும் கீழே இறக்க வேண்டும் என்பது என் எண்ணம். சோறும் சாப்பிடாமல் மெலிந்து ஐம்பது கிலோவில் நிற்கும் உடம்புகள் எங்களுடையவை.

இவற்றோடு, எந்த அளவு குடித்தாலும் வாட்டுக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள்: கர்ப்பிணிகள், வயது போனவர்கள், கண் மஞ்சளித்தவர்கள், வயிறு வீங்கியவர்கள், இரத்தமாகச் சத்தி எடுத்தவர்கள், இருதய வருத்தக்காரர், தலையில் அடிபட்டவர், பிரிகபலின் போன்ற குளிசைகளையோ நித்திரைக் குளிசைகளையோ குடியோடு சேர்த்து எடுப்பவர், சாகவேண்டும் என்று கதைப்பவர். இந்தக் கடைசி ஆளைப்பற்றி ஒன்று. வீட்டில் பூச்சிமருந்து, களைகொல்லி இருந்தால் அன்றைக்கே வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். வெறியிலும், வெறி இறங்கும் நேரத்திலும் எடுக்கிற முடிவுக்கு அந்தப் போத்தல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

இன்னொரு நிபந்தனையையும் நான் சேர்ப்பேன்: இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம்? ஏ9 வீதியோரம் இருப்பவர் வீட்டில் துணிந்து முயலலாம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் உட்கிராமங்களில், யானை நிற்கும் பாதையில், மாரி மழையில் ஓட்டோ வராது. 1990 அம்புலன்ஸ் இலவசம், கூப்பிட்டால் வரும்; ஆனாலும் தூரம் தூரம்தான். இருவேறு ஆட்களுக்கு வருத்தம் ஒரே அளவாக இருந்தாலும், தூரத்தில் இருப்பவரை நான் வாட்டில் வைக்கச் சொல்வேன்.

இவை எதுவும் இல்லாதவர், வைத்தியரைப் பார்த்தபின் வீட்டில் விடலாம். அதற்கும் ஒழுங்கு உண்டு. குடிக்காத, பொறுமையான ஒரு பெரியவர் ஐந்து நாளும் இரவு பகல் கூட இருக்கவேண்டும். வைத்தியர் பெரும்பாலும் டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் தருவார். முதல் நாள் கூடிய அளவு, பிறகு படிப்படியாகக் குறைத்து ஐந்து முதல் ஏழு நாளில் முடிப்பது. குளிசை வீட்டார் கையில் இருக்கவேண்டும், ஒரு நாளைக்கோ இரண்டு நாளைக்கோ உரியது மட்டும். அதன்மேல் சாராயம் குடித்தால் மூச்சு அடங்கிவிடலாம். குடித்துவிட்டார் என்று தெரிந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பார்மசியில் சொல்லி வாங்கி, அயலவரின் மிச்சக் குளிசையைக் கொடுத்து நடத்துகிற வேலை இது அல்ல. அந்தக் கிழமை கிணற்றடியில் தனியே குளிக்கவும், குளத்தில் இறங்கவும், ட்ரக்டர், மோட்டார்சைக்கிள் ஓடவும், கடலுக்குப் போகவும் விடாதீர்கள். நிலத்தில் வந்தால் தப்பிக்கக்கூடிய வலிப்பு, தண்ணீரிலோ ட்ரக்டரிலோ வந்தால் ஆளைக் கொன்றுவிடும். கஞ்சி, சோறு, தண்ணீர் அடிக்கடி. வலிப்பு, உளறல், காய்ச்சல், நிற்காத சத்தி, நடக்கையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டு முயற்சி அத்தோடு முடிந்தது, 1990ஐ அழையுங்கள்.

தள்ளாட்டத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். நீண்டகாலம் குடிப்பவருக்கு உடம்பில் விற்றமின் பீ1 வற்றிப்போயிருக்கும். அதனால் புத்தி மாறாட்டம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் வரும். உடனே பீ1 ஊசி போடாவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். ஊரில் ‘சேலைன் ஏற்றினால் வெறி இறங்கும்’ என்று தனியார் மருந்தகங்களில் குளுக்கோஸ் ஏற்றுவிக்கும் பழக்கம் இருக்கிறது. பீ1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இந்தக் கோளாறு கூடலாம். ‘இவர் நாள்தோறும் குடிப்பவர்’ என்று ஊசி போடுபவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். பாம்பு கடித்தோ கால் முறிந்தோ வாட்டில் படுத்தால்கூட இதைச் சொல்லத்தான் வேண்டும். வெட்கத்தில் மறைத்து, மூன்றாம் நாள் வாட்டில் சன்னி வந்து கட்டிலில் கட்டப்படுகிற நிலை பெரிய வெட்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. குடிக்கு அங்கே காட்டலாம். ‘விசர் கிளினிக்’ என்று ஊரார் சொல்வதைக் கேட்டு நிற்காதீர்கள். குடியை விடும் நாட்களுக்குச் சாதாரண மருத்துவ வாட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். மனவருத்தமும் கடுமையாக இருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ துண்டு தருவார்கள்.

இனி மையம். மைத்துனரின் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 1989இல் வெளியான பிலடெல்பியா ஆய்வு ஒன்றில், கடுமையற்ற விடுவருத்தம் (குடியை விடும்போது உடம்பில் வரும் வருத்தம்) உள்ள 164 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வாட்டிலும் மற்றவரை வீட்டிலிருந்து வந்துபோகவும் வைத்தார்கள். வாட்டில் இருந்தவரில் 95 வீதமானோர் குடியை விடும் சிகிச்சையை முடித்தார்கள், வந்துபோனவரில் 72 வீதம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் 1991இல் வெளியான இன்னொரு ஆய்வு, அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் 227 தொழிலாளரைப் பார்த்தது. தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 23 வீதமானோருக்கே பின்னர் மேலும் தங்கிச் சிகிச்சை தேவைப்பட்டது. சுயஉதவிக் கூட்டங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டவரில் அது 63 வீதம். வருத்தம் கடுமையாகக் கடுமையாகத் தங்குவதன் பயன் கூடுகிறது என்று இரண்டையும் சேர்த்து நான் வாசிக்கிறேன். நடுத்தர நிலையில் இருப்பவருக்கு, தொடர்ந்து காட்டுவதுதான் வேலை செய்கிறது, கட்டில் அல்ல.

ஆகவே மையம் தேவைப்படுவது இப்படியானவருக்கு: கிளினிக்கும் மருந்துமாகச் சில மாதம் ஒழுங்காக முயன்றும் திரும்பத் திரும்ப விழுந்தவர், தனியே இருப்பவர், வீட்டிலேயே கசிப்புக் காய்ச்சுகிறார்கள், அண்ணன் தம்பி எல்லோரும் குடிக்கிறார்கள் என்ற நிலையில் இருப்பவர், வேறு போதைப்பொருளும் எடுப்பவர். அடியும் சண்டையுமாக மனைவி பிள்ளைகளுக்கு அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதே ஆபத்து என்றால், அது வேறு கணக்கு. அப்போது முதல் கேள்வி அவருடைய சிகிச்சை அல்ல, உங்கள் பாதுகாப்பு.

மையம் தேடும்போது கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேட்கவேண்டியதைக் கேளுங்கள். வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? முதல் கிழமையில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள்? சீனி, பிரஷர், மனவருத்தக் குளிசைகளைத் தொடர்ந்து கொடுப்பீர்களா? தமிழில் ஆலோசனை சொல்ல ஆள் உண்டா? வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம், அவர் தொலைபேசியில் கதைக்கலாமா? அவர் போகிறேன் என்றால் விடுவீர்களா? வீட்டுக்கு வந்தபின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள்? வீட்டார் பார்க்க முடியாது, மருந்து எதுவும் தேவையில்லை, அடித்துத்தான் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தில் ஒரு நாளும் விடாதீர்கள். செபத்தோடு நடக்கும் இல்லங்கள் பலருக்குத் துணையாக இருக்கின்றன, அது நல்லதே. விடுவருத்தம் வாட்டில் முடிந்த பிறகு போனால் போதும்.

மைத்துனர் அனுப்பும் காசுக்கு வேறு வேலை இருக்கிறது: கிளினிக்குக்குப் போகும் நாட்களில் இழக்கும் கூலி, பஸ் காசு, சாப்பாடு, அவர் வாட்டில் இருக்கும் கிழமை வயலைப் பார்க்க ஓர் ஆள்.

வாட்டுக்குப் பிறகு ஆசையைக் குறைக்க மருந்துகள் உண்டு. நல்ட்ரெக்சோன், பொதுவாக நாளுக்கு 50 மி.கிராம், ஈரல் கடுமையாகப் பழுதானவருக்கும் ட்ரமடோல் போன்ற வலிக்குளிசை எடுப்பவருக்கும் பொருந்தாது. அகம்ப்ரொசேட் சிறுநீரகத்தால் வெளியேறுவது. வவுனியா, செட்டிகுளம் பக்கம் சிறுநீரக வருத்தம் இருப்பதால், இரத்தம் சோதித்தே தொடங்கவேண்டும். மூன்றாவது டைசல்பிராம். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, சத்தி எடுத்து, பிரஷர் விழுந்து, சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். அதைத்தான் ‘குழம்பில் கலந்து கொடுங்கள், அவருக்குத் தெரியவேண்டாம்’ என்று விற்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். தெரிந்தே, சம்மதித்தே போடவேண்டிய மருந்து அது. நிறுத்திய பின்னும் ஒன்று, இரண்டு கிழமைக்கு அதன் வேலை இருக்கும். அந்தக் காலத்தில் அரிஷ்டமும் ஆகாது, அதிலும் மதுசாரம் இருக்கிறது.

திரும்ப விழும் நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். அறுவடை முடிந்து நெல் விற்ற காசு மொத்தமாகக் கையில் வரும் நாள், செத்தவீடு, கலியாண வீட்டுப் பின்வளவு, சண்டையில் செத்தவர்களை நினைவுகூரும் மே மாத நடுப்பகுதி, கார்த்திகைக் கடைசி. நெல்லுக் காசு உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும் என்று இப்போதே கதைத்து முடிவெடுங்கள். 2009இல் பிள்ளையையோ சகோதரத்தையோ இழந்தவர்களில் பலர் நித்திரைக்காகவே குடிக்கத் தொடங்கினார்கள். குடியை மட்டும் பிடுங்கி, அந்த நித்திரையின்மைக்கும் கனவுகளுக்கும் சிகிச்சை கொடுக்காவிட்டால் அவர் தவறணைக்குத்தான் திரும்பிப் போவார். கிளினிக்கில் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குடியை விட்டு சில கிழமைக்குப் பிறகும் மனம் சோர்ந்தே இருந்தால், அதற்குத் தனியாக மருந்தும் ஆலோசனையும் தேவை.

உங்கள் கணவரின் கணக்குக்கு வருகிறேன். இரவு அரைப்போத்தலும் காலையில் எடுப்பதும் சேர்ந்தால் 120 கிராமுக்குக் கிட்ட வருகிறது. சீனி வருத்தம் இருக்கிறது. குடி நிற்கும் நாட்களில் சீனி ஏறி இறங்கும், குளிசையின் அளவையும் பார்த்து மாற்றவேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கந்தசஷ்டி இரண்டாம் இரவில் வாசலில் ஆளைக் கண்டார். இந்த ஒன்றே வாட்டுக்குப் போகப் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவர் திடீரென்று நிற்பாட்டக் கூடாது. ‘நாளைக்கு வாட்டில் படுக்கிறார்தானே, இன்றே விடட்டும்’ என்று போத்தலை ஊற்றிவிடாதீர்கள். வழமையான அளவை அளந்து, கூட்டாமல், சாப்பாட்டோடு எடுக்கட்டும். கிளினிக் நாளைக் கேட்டு வைத்து, சீனிக் கிளினிக் கொப்பி, போடுகிற குளிசைகள் எல்லாம், குடிக்கிற சாராயத்தின் வெறும்போத்தல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எத்தனை மணிக்கு, கந்தசஷ்டி இரவில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த இரவு என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம், நீங்கள்தான் சாட்சி. ஆரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். அதற்கிடையில் அவர் தானாக நிற்பாட்டி நடுங்கத் தொடங்கிவிட்டால், கிளினிக் நாளைப் பார்த்துக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.